எக்காரணம் கொண்டும்

என் மேசையின் மேல் லேமினேஷன் போட்ட சார்ட் ஒன்று இருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் சூடான பிளாஸ்டிக் வாசனை இன்னும் லேசாக வருகிறது. உனக்குப் பிடித்த வாசனை. ஹாஸ்டல் அடையாள அட்டையை வாங்கின அன்று நாள் முழுக்க அதை முகர்ந்துகொண்டே இருந்தாய். "புது ரெயின்கோட்டு வாசனைடி," என்றாய். உன்னிடம் ரெயின்கோட்டே இருந்ததில்லை என்பது மழைக்காலம் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு வாரத்துக்கு முன், கெமிஸ்ட்ரி ரெக்கார்டுக்கு அட்டை வாங்க, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வாசலிலேயே அந்த வாசனை வந்துவிட்டது. கடைக்கார அக்கா ஒவ்வொரு தாளாக மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். மறுபக்கம் பளபளவென்று வந்து விழுந்தவை எல்லாம் நம் சார்ட். என் கையெழுத்து. மலையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நான் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. மூன்றாவது வரி மட்டும் சிவப்பு மையில்.

"உன் எழுத்துதான பாப்பா இது? அச்சடிச்சாப்ல இருக்குது," என்றார் அக்கா. இந்தப் பக்கத்துச் சேவைக் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து ஆர்டர் கொடுத்திருக்கிறார்களாம். மழை பிடிப்பதற்குள் கல்வராயன் மலையில் ஊருக்கு ஒன்று ஒட்டப் போகிறார்களாம்.

நிறுத்தச் சொன்னேன். ஆர்டர் கொடுத்தவர்கள் சொல்லாமல் எப்படி நிறுத்துவது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினை அணைத்தார்.

"இன்னா பாப்பா, தப்பா எழுதிட்டியா?"

"ஆமாங்க்கா."

உன்னைப் புதைத்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. அந்த ஒரு வார்த்தையை நான் முதன்முதலாகச் சொன்னது, நீ யாரென்றே தெரியாத ஒருவரிடம்.

நாம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். கரியாலூருக்கும் அப்பால், ரோடு முடிகிற இடத்திலிருந்து ஒரு சரிவை ஏறி இறங்கினால் வரும் ஊர் உன்னுடையது. படிப்புக்காகக் கள்ளக்குறிச்சி ஹாஸ்டலில் இருந்தாய். நான் டவுனுக்குப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டுப் பெண். என் டிபன் பாக்ஸில் பாதி உனக்கு. உன் கிண்டல் முழுசும் எனக்கு. பள்ளியின் சேவை மன்றத்தில் நான் சேர்ந்தது பேட்ஜுக்காக. நீ சேர்ந்தது, நான் சேர்ந்துவிட்டேன் என்பதற்காக.

முதல் கூட்டத்தில் நீ எழுந்து சொன்ன கதையை நான் எழுதி வைத்திருக்கிறேன். நீ ஐந்தாவது படிக்கும்போது ஒரே மாதத்தில் மூன்று ஊர்க் கிளப்புகள் உங்கள் மலைப் பள்ளிக்கு ஏறி வந்தன. ஒவ்வொன்றும் பிள்ளைக்கு ஒரு டூத் பிரஷ் கொடுத்து, பல் தேய்க்கக் கற்றுக்கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கியது. ஒரு கிளப் வந்ததே மற்றதற்குத் தெரியாது. "மூணாவது கிளப்பு வந்தப்போ நாங்கதான் மிஸ் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தோம், பிரஷ்ஷ எப்பிடிப் புடிக்கறதுன்னு. பல்லு நல்லாதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவத்தான் வண்டி இல்ல." மன்றமே சிரித்தது. கடைசி வாக்கியம் வந்தபோது டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அந்தக் கதை டீச்சர் வழியாகக் கிளப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம்தான் மலை, அடிவாரம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து வேலை செய்வது என்று பேசிக்கொண்டிருந்தன. அடிவாரத்தில் உரக்கடை வைத்திருக்கும் சார்தான் ஒருங்கிணைப்பாளர். நல்ல மனிதர். இன்றும் அப்படித்தான் எழுதுவேன். "தனித்தனியா போனா பிரஷ்தான் குடுப்போம். ஒண்ணா போனாதான் வண்டி குடுக்க முடியும்," என்று எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்.

திட்டம் எளிமையானது. மலையில் இருக்கும் ஆம்புலன்ஸ் ஒரு நோயாளியோடு இறங்கிவிட்டால், அது திரும்பி ஏறும் வரை அடுத்தவருக்கு வழியில்லை. அந்த நேரத்தில் மலைக் கிளப்பின் ஜீப் நோயாளியை அடிவாரத்துச் சோதனைச் சாவடி வரை கொண்டுவரும். சாவடியில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அடிவாரக் கிளப்பின் வேன் நிற்கும். அது கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே டவுன் கிளப் ஆட்கள் ரத்தம், மருந்து, துணைக்கு இருப்பது எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். ஜீப் கீழே ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடிவிட்டால் மலை மறுபடியும் வண்டியில்லாமல் ஆகிவிடும்; அதனால் அது சாவடியோடு திரும்பிவிட வேண்டும். கேட்டபோது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. உனக்கும்.

அதைச் சார்ட்டாக எழுதும் வேலை நம் மன்றத்துக்கு வந்தது. லேபுக்கு வெளியே வராந்தாவில் சார்ட் தாளை விரித்து நாலு மூலைக்கும் நாலு புத்தகம் வைத்தோம். நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ரோட்டுக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் நீ மணிக்கணக்கில் சொல்லவில்லை. "எங்க ஊரு ஆறு தோளு. அதுக்கு மேல இருக்கறது ஒம்போது தோளு," என்றாய். கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி நோயாளியைத் தூக்கி வரும்போது, தூக்குகிறவர்கள் எத்தனை முறை தோள் மாற்றுகிறார்களோ அதுதான் உங்களுக்குத் தூரம். மாற்றும்போது எங்கே இறக்கி வைப்பார்கள் என்று கேட்டேன்.

"எறக்கி வெக்கவே மாட்டாங்கடி. மாத்தற ஆளு கூடவே நடந்துக்கினு வந்து, நடக்கறப்பவே தோள உள்ள குடுப்பான். மொத ஆளு வெளிய வந்துடுவான். கம்பு நிக்காது."

ஏன் இறக்கக் கூடாது என்றேன்.

"எறக்குனா ஒருத்தன் தண்ணி குடிப்பான். ஒருத்தன் பீடி பத்த வெப்பான். ஒருத்தன் எந்தப் பக்கமா போலாம்னு யோசன சொல்லுவான். அவனவனுக்கு ஒரு வேல வந்துடும்."

சுவாரசியமான தகவல் என்று என் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். சார்ட்டில் அதற்கு ஒரு இடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

கூட்டத்தில் முடிவானது, "ஜீப் சாவடியோட திரும்பிடணும்" என்பது மட்டும்தான். அப்படியே எழுதினால் பேச்சு மாதிரி இருக்கிறது, சார்ட்டுக்கு அது அழகில்லை என்று நினைத்தேன். அரசு அறிவிப்புப் பலகைகளின் மொழி எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்து இரண்டு முறை உன்னைப் பஸ்ஸை விட வைத்திருக்கிறேன். சிவப்பு மைப் பேனாவை எடுத்து எழுதினேன்: ஜீப் எக்காரணம் கொண்டும் சோதனைச் சாவடியைத் தாண்டக் கூடாது.

நீ எட்டிப் பார்த்தாய். "எக்காரணம் கொண்டுமா? கலெக்டரு மாதிரி எழுதறடி. பொன்னண்ணன் இதப் பாத்தா வண்டிய ஆஃப் பண்ணிட்டு கும்புடு போடுவாரு." பொன்னன் அண்ணன் மலைக் கிளப்பின் ஜீப்பை ஓட்டுகிறவர், உனக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவர் கும்பிடு போடுவதை நீ நடித்துக் காட்டினாய். நாம் சிரித்ததில் ஒரு மூலைப் புத்தகம் நகர்ந்து தாள் சுருண்டுகொண்டது.

அந்த இரண்டு வார்த்தையை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். அழகுக்காகச் சேர்த்தேன்.

காலாண்டு விடுமுறைக்கு நீ மலைக்குப் போனாய். வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குப் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு மறுபடி இறங்கி வந்தாய். மரவள்ளி பிடுங்குகிற நேரம், அம்மாவுக்கு ஆள் போதாது, நாம் சார்ட்டை வாசிக்க வேண்டிய கிளப்புகளின் மண்டலக் கூட்டத்துக்கு வர முடியாது என்றாய். நீயில்லாமல் மேடையில் எப்படிப் பேசுவேன் என்று நான் அழாத குறையாகக் கேட்டேன். "நீ இன்னா என்னையா படிக்கப் போற? சார்ட்டதான படிக்கப் போற," என்று சொல்லிவிட்டு ஓடிப் போய் ஏறிக்கொண்டாய்.

மண்டலக் கூட்டம் உளுந்தூர்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எல்லாக் கிளப்பும் சேர்ந்து செய்த முதல் காரியம் என்று காட்டுவதற்காக அடிவாரத்திலிருந்து வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கழுவி, பலூன் கட்டி, முன் கண்ணாடிக்கு மாலை போட்டு, குறுக்கே சிவப்பு ரிப்பன். சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்ட வேண்டும். அரை நாள்தானே என்று எல்லோரும் நினைத்தார்கள். வேன் இங்கே நின்றால் சாவடியில் என்ன நிற்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அந்த வேன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். உனக்குக் காட்ட.

விருந்தினர் வரத் தாமதமாகிக்கொண்டிருந்தது. மத்தியானம் வேன் ஓட்டுகிறவருக்குப் போன் வந்தது. மலையிலிருந்து ஒரு கேஸ் இறங்கிவிட்டது, பாம்புக்கடி, சாவடியில் நிற்கிறார்கள். அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். பெரியவர்கள் எல்லாம் உள்ளே இருந்தார்கள். நான்தான் பக்கத்தில் நின்றேன்.

"நாம போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவுமேம்மா. அவங்கள ஜீப்லயே ஆஸ்பத்திரிக்கு வுடச் சொல்லிடட்டா?"

அவர் கேட்டது இதுதான். நான் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்.

"வேணாங்கண்ணா, அங்கியே நிக்கச் சொல்லுங்க. ஜீப் தாண்டக் கூடாதுன்னு சார்ட்ல இருக்குது."

"எழுதனது நீ. உனக்குத்தான் தெரியும்," என்று அவர் போனில் அதையே சொன்னார். பலூன்களை நான்தான் பிய்த்தேன். ரிப்பனை வெட்ட, விருந்தினருக்காகத் தட்டில் வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்தோம். வேன் சைரன் போட்டுக்கொண்டு கிளம்பியபோது எனக்குப் புல்லரித்தது. பாம்பு யாரைக் கடித்தது என்று நான் கேட்கவில்லை. கேஸ் என்றார்கள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு மேடையேறிச் சார்ட்டை வாசித்தேன். மூன்றாவது வரியைக் குரலை உயர்த்தி வாசித்தேன். முடிவில் எழுதி வைக்காத ஒரு வாக்கியத்தையும் சேர்த்தேன்: "இதோ, இந்த நிமிடத்தில்கூட ஓர் உயிரைக் காக்க நம் வண்டி போய்க்கொண்டிருக்கிறது." மண்டபமே கை தட்டியது. அன்று சாப்பாட்டில் நான் பாயசம் இரண்டு முறை வாங்கினேன். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தபோது டீச்சர் போன் செய்தார்.

சாவடியில் நடந்தது எனக்குப் பொன்னன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். பிடுங்கிப் போட்ட கிழங்குக் குவியலை அள்ளும்போது உன் கையில் நாகம் கடித்திருக்கிறது. ஆறு தோளும் நிற்காமல் ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்தோடு இறங்கியிருந்தது. ஜீப் தயாராக இருந்தது. வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு, மூச்சுத் திணறல் வரலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பினார்கள். மலை வளைவெல்லாம் இறங்கிச் சாவடிக்கு வந்தபோது நீ உட்கார்ந்துகொண்டுதான் இருந்தாய். இமை மட்டும் சரிந்துகொண்டே இருந்தது. வேன் இல்லை. அவர் போன் செய்தார். கிளம்பிவிட்டது, அங்கேயே நில்லுங்கள் என்று பதில் வந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். வந்துகொண்டே இருக்கிறது. மறுபடி கேட்டார். தியாகதுருகம் தாண்டிவிட்டது.

"அப்பவே எடுத்திருந்தா நேரா ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம் பாப்பா. ஸ்டியரிங்கப் புடிச்சிக்கினே நின்னேன். எதுக்கவே சாவடிச் செவுத்துல சார்ட்ட ஒட்டி வெச்சிருந்தாங்க இல்ல, செவப்புல. நாம ஏதாவது மீறப் போயி தப்பாயிடுமோன்னு," என்றார்.

வேன் வந்தபோது நீ பேசுவதை நிறுத்தியிருந்தாய். ஆக்சிஜன் எல்லாம் சரியாக இருந்தது. ஜீப்பிலிருந்து வேனுக்கு உன்னை மாற்றினார்கள், சார்ட்டில் இருக்கிறபடி. வேன் கச்சிராயபாளையத்தைத் தாண்டியது. கள்ளக்குறிச்சி எல்லைக்குள் வருவதற்கு முன்பே உன் மூச்சு நின்றுவிட்டது.

அடுத்த கூட்டத்தில் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். உரக்கடை சார் உட்கார முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். வேன் இனி அடிவாரத்தை விட்டு எந்த விழாவுக்கும் போகாது என்று தீர்மானம் போட்டார்கள். மற்றபடி மலைக் கிளப் தன் வேலையைச் செய்தது, அடிவாரக் கிளப் தன் வேலையைச் செய்தது, டவுன் கிளப் ரத்தத்தோடு வாசலில் காத்திருந்தது. எந்தக் கிளப்பிலும் தவறில்லை. மூன்றாவது வரியைப் பற்றி யாரும் பேசவில்லை. வேன் ஓட்டுகிறவர் என்னை ஒரு தடவை பார்த்தார்.

எனக்குக் கணக்கு நன்றாக வரும். சாவடியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம், நீங்கள் நின்றது எவ்வளவு நேரம் என்று எத்தனை தடவை போட்டாலும் ஒரே விடைதான் வந்தது. நீ உள்ளே போய்ச் சேர்ந்திருப்பாய், வேன் அப்போதுதான் பாதி வழி வந்திருக்கும். நூலகத்தில் பாம்பு விஷத்தைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். நாகத்தின் விஷம் மூச்சுத் தசைகளைக் கட்டிப்போடும் என்று இருந்தது. அந்த நேரத்துக்கு ஒரு மெஷின் மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் பிழைக்கலாம் என்று அதே பக்கத்தில் இருந்தது. மூடிவிட்டேன். மறுநாள் மறுபடி அதே பக்கத்தைத் திறந்தேன். ஒருநாள் ஸ்கூல் விட்டதும் ஆஸ்பத்திரிக்கே போய் ஒரு நர்ஸ் அக்காவிடம் கேட்டேன், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவர் விசாரிக்கவில்லை. "அதெல்லாம் கேக்கக் கூடாது பாப்பா. வூட்டுக்குப் போ," என்றார். அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் உயிர் பிழைத்திருப்பேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அம்மா, அப்பா, டீச்சர், யாரிடமும். நன்றாகப் படிக்கிற பெண் என்று பெயர் வாங்கியவள் நான். அந்தப் பெயருக்குள் ஒளிந்துகொண்டேன். மன்றத்துக்குப் போவதை நிறுத்தியதற்குப் பிளஸ் டூ என்று காரணம் சொன்னேன். சார்ட் பழையதாகிக் கிழிந்துவிடும் என்று நம்பினேன். கிழியாமல் இருப்பதற்கு லேமினேஷன் போடுவார்கள் என்று நினைக்கவில்லை.

ஜெராக்ஸ் கடையிலிருந்தே உரக்கடை சாருக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டுக் கூட்டம் இருக்கிறது, அங்கே வந்து சொல் என்றார். ஒரு வரிதானேம்மா, இவ்வளவு பதற்றம் எதற்கு என்றும் கேட்டார்.

அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். எல்லா ஊர்க் கிளப்பிலிருந்தும் வந்திருந்தார்கள். நான் எழுந்து மூன்றாவது வரியை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்றார்கள். சொன்னேன். எக்காரணம் கொண்டும் என்பது நான் சேர்த்தது. வேன் அண்ணன் கேட்டபோது நிற்கச் சொன்னது நான். சின்னப் பெண், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாள் என்று ஒருவர் பரிவோடு சொன்னார். இன்னொருவர், எடுக்க வேண்டாம், 'சூழ்நிலைக்கேற்ப' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அழகான வார்த்தை. ஒரு வருஷத்துக்கு முன்னால் நானே அதைத்தான் எழுதியிருப்பேன்.

சேர்த்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் யாரோ ஒருவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அப்போது பின் வரிசையில் பொன்னன் அண்ணன் எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"மலையில தூக்கறவங்க எறக்கி வெக்க மாட்டாங்க சார். நடந்துக்கினேதான் தோள் மாத்துவாங்க. கீழ வந்ததும் நாமதான் எறக்கி வெச்சோம். எல்லாம் படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க, எதுக்கு வெச்சோம்?"

அடிக்கோடு போட்டு என் நோட்டிலேயே கிடந்தது அது. ஒரு வருஷமாக நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

ஜீப் கீழேயே போய்விட்டால் மலைக்கு என்ன வண்டி என்ற கேள்வி வந்தது. வர வேண்டிய கேள்விதான். அப்படிப் போனால் வேன் மலையேறிக் காவல் நிற்கட்டும் என்று அடிவாரக் கிளப் ஒத்துக்கொண்டது. புது வரியை என்னை எழுதச் சொன்னார்கள். நான் பொன்னன் அண்ணனையே சொல்லச் சொல்லி, அவர் வாயிலிருந்து வந்ததை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதினேன்: நிக்காத. ஓட்டிக்கினே போ. வேன் எதுக்க வந்தா மாத்திக்க. வரலன்னா நேரா ஆஸ்பத்திரி.

ஹாலை விட்டு வெளியே வந்தபோது உரக்கடை சார் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டே நின்றார். "வேன உளுந்தூர்பேட்டைக்கு ஓட்டிக்கினு வரச் சொன்னது நான்மா," என்றார். சொல்லிவிட்டால் கனம் கொஞ்சம் கம்மியாகும் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேரும் அதே கனத்தோடு நின்றோம்.

போன சனிக்கிழமை புதுச் சார்ட்டுகளை எடுத்துக்கொண்டு ஜீப்பில் மலையேறினோம். உன் ஊருக்கு நானும் வருகிறேன் என்று பொன்னன் அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன். ரோட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு நடந்தோம். வெறுங்கையோடு நடந்தே எனக்கு மூச்சு வாங்கியது.

உன் அம்மா வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. சார்ட்டைச் சுவரில் ஒட்டியதும், தனக்குப் படிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டு என்றார். வாசித்தேன். புது வரி வந்ததும் கத்தி நின்றது.

"முன்னாடி வேற மாதிரி இருந்துச்சு இல்ல? நீதான எழுதன?"

ஆமாம் என்றேன்.

"அன்னிக்கு சாவடியில நான் இந்தப் பொன்னனக் கத்திக்கினே இருந்தேன், எடுடா வண்டிய, எடுடான்னு. அவதான் என் கையப் புடிச்சா. 'அண்ணனத் திட்டாதம்மா. அது அவ எழுதனது. யோசிக்காம எழுத மாட்டா. வேன் வந்துடும்'னு சொன்னா. நாக்கு கொழறிப்போச்சு. அத மட்டும் நல்லா சொன்னா."

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னார். அதனால்தான் மறைக்க முடியவில்லை. வேன் பக்கத்தில் நின்று நான் சொன்னதை, பலூனை, கை தட்டலை, பாயசத்தைக்கூட, அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொன்னன் அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் சீவி முடித்தார். சரிவுக்கு மேலே இருட்டிக்கொண்டு வந்து நாலு தூறல் விழுந்தது.

"மழ வருது. ஜீப்ப நிக்க வெக்காத. போ," என்றார்.

அது மன்னிப்பா, இனி வராதே என்பதா, இறங்கும் வழி முழுக்க எனக்குப் புரியவில்லை. இன்னும் புரியவில்லை. ஆனால் நீ சொன்னது புரிகிறது. இமை மூடிக்கொண்டே போகிறபோதும், மூச்சுக்கு இடமில்லாதபோதும், எனக்காக உன் அம்மாவிடம் வாதாடியிருக்கிறாய். இப்போது ஒரு விடுமுறை விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாலும் எழுதினதை நாலு தடவை அடித்துத் திருத்துகிறேன். அதையும் நம்பி எங்கோ ரோட்டோரத்தில் ஒருத்தி காத்திருப்பாள் என்று தோன்றுகிறது.

தினமும் வெள்ளிமலை பஸ் நம் ஸ்கூல் வாசலைத் தாண்டும்போது, ஜன்னலோரத்தில் நீ உட்கார்ந்திருப்பதாக நினைத்து உன் காதில் சொல்கிறேன்: என்னை நம்பாதே. அம்மா சொல்வதைக் கேள். அண்ணனைத் திட்டு. வண்டியை எடுக்கச் சொல்.